வைக்கோல் எடை

1

குத்துச்சண்டையில் எடைப் பிரிவுகளுக்குப் பெயர் வைத்தவர்கள், ஆளின் எடை குறையக் குறைய மரியாதையையும் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். உச்சியில் ஹெவிவெயிட். கீழே இறங்கினால் ஃபெதர்வெயிட், அதாவது இறகு. அப்புறம் பேண்டம்வெயிட், அது ஒரு குட்டைச் சேவல் இனத்தின் பெயர். அப்புறம் ஃபிளைவெயிட், ஈ. அந்த ஈக்கும் கீழே, ஏணியின் கடைசிப் படியில், 105 பவுண்டு. நம் கணக்கில் 47.6 கிலோ. உலக குத்துச்சண்டைக் கவுன்சில் இதற்கு வைத்த பெயர் ஸ்ட்ராவெயிட். ஸ்பானிய மொழியிலும் அதே பொருள்தான், 'பேசோ பாஹா'. வைக்கோல் எடை.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு வைக்கோல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நெல் போன பிறகு மிச்சம் கிடப்பது வைக்கோல். நெல்லுக்கு ஆதார விலை உண்டு, கொள்முதல் நிலையம் உண்டு, ஈரப்பதம் பார்க்க மெஷின் உண்டு, கொள்முதல் தாமதமானால் சாலை மறியலும் உண்டு. வைக்கோலுக்காக யாரும் மறியல் செய்து நான் பார்த்ததில்லை. மாடு வைத்திருக்கிறவனுக்கு மட்டும்தான் அதன் அருமை தெரியும்.

அந்த வைக்கோல் எடையில் ஒரு மனிதர் இருந்தார். பெயர் ரிக்கார்டோ லோபஸ். மெக்சிகோக்காரர். பட்டப்பெயர் 'ஃபினிடோ', நயமானவன் என்பது மாதிரி. 1985 முதல் 2001 வரை தொழில்முறையில் 52 சண்டைகள். 51 வெற்றி, ஒரு சமன். தோல்வி என்ற வார்த்தையே அந்தக் கணக்கில் இல்லை. 51 வெற்றிகளில் 38 நாக்-அவுட். தோற்காமலே ஓய்வு பெற்ற ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவின் கணக்கு 49 வெற்றி. அவர் 1956-ல் ஓய்வு பெற்றார், இன்றைக்கும் குத்துச்சண்டை பற்றிப் பேசுகிற எந்த மேசையிலும் அவர் பெயர் வரும். லோபஸின் பெயரை நான் என் நண்பர்களிடம் சொன்னபோது, "யாரு, பாட்டு பாடுறவரா?" என்று ஒருத்தன் கேட்டான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எடைப் பிரிவு என்பதே சிறிய உடம்புக்கு நியாயம் செய்வதற்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு. லோபஸின் பதினாறு வருடத் தொழிலைப் பார்த்தால், வளையத்துக்குள் அவருக்கு நியாயம் செய்த அதே தராசுதான் வளையத்துக்கு வெளியே அவரை மறைத்தும் வைத்தது என்று தோன்றுகிறது. அந்தத் தராசின் கதையிலிருந்து தொடங்கினால்தான் அவர் கதை புரியும்.

2

ஆரம்பத்தில் தராசே கிடையாது. 1743-ல் லண்டனில் ஜாக் ப்ரௌட்டன் குத்துச்சண்டைக்கு முதல்முதலாக விதிகள் எழுதியபோது, விழுந்தவனை அடிக்கக்கூடாது, இடுப்புக்குக் கீழே பிடிக்கக்கூடாது என்றெல்லாம் எழுதினார். எடை பற்றி ஒரு வரி இல்லை. சண்டை என்றால் சண்டை. அந்த நூற்றாண்டின் கடைசியில் டேனியல் மெண்டோசா என்ற யூதர், சுமார் 73 கிலோ உடம்போடு இங்கிலாந்தின் சாம்பியனாக இருந்தார். ஒதுங்குவது, தடுப்பது, நகர்வது என்று குத்துச்சண்டைக்குக் கால் முளைத்ததே அவரால்தான் என்பார்கள். 1795-ல் அவரைவிடப் பெரிய ஆளான ஜான் ஜாக்சன் ஒரு கையால் மெண்டோசாவின் நீளமான தலைமுடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குத்தி ஜெயித்தார். அன்றைய விதிப்படி அதில் தப்பில்லை. சிறியவனின் நகரும் கலைக்குப் பெரியவன் கண்டுபிடித்த பதில், பிடித்து நிறுத்திவிடுவது.

எடைக்கு எடை என்ற எண்ணம் நம் பக்கத்தில் வேறு இடத்தில் இருந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிசலூர். அங்கே ராஜராஜன் தராசின் ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்து, மறு தட்டில் தன் எடைக்கு எடை பொன் வைத்துத் துலாபாரம் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ராஜா கனமாக இருந்தால் பொன்னும் கனமாக இருக்கும். தராசு ஏறும்போது கூடுதலாக இருப்பதுதான் பெருமை. குத்துச்சண்டைத் தராசில் இது தலைகீழ். அங்கே ஒரு அவுன்ஸ் கூடினாலும் பட்டம் போய்விடும்.

எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இந்தத் தலைகீழ் நன்றாகத் தெரியும். பொங்கல் சமயத்தில் டெல்டா கிராமங்களில் ஒட்டப்படும் கபடி நோட்டீஸ்களைப் பாருங்கள். '55 கிலோ எடைப் பிரிவு' என்று போட்டிருக்கும். போட்டி நாள் காலையில் அரைக் கிலோ கூடிப்போன பையன் வயல் வரப்பில் ஓடிக்கொண்டிருப்பான். தண்ணீர்கூடக் குடிக்காமல், எச்சில் துப்பிக்கொண்டு, கடைசியில் சட்டையையும் கழற்றிவிட்டு மெஷினில் ஏறி நிற்பான். முள் கோட்டைத் தாண்டாமல் நின்றால் கூட வந்தவர்கள் விசில் அடிப்பார்கள். ஆட்டம் அப்புறம்தான். முதல் ஜெயிப்பு மெஷினில்.

குத்துச்சண்டையில் இந்த ஒழுங்கு வந்தது 1909-ல். லண்டன் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டுப் பிரிவுகளை வகுத்தது. அதில் கடைசி 112 பவுண்டு, ஃபிளைவெயிட். அந்தப் பிரிவின் முதல் பெரிய சாம்பியன் ஜிம்மி வைல்ட், வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மற்றவர்கள் நுழைய முடியாத சந்துகளில் ஊர்ந்துபோய்க் கரி வெட்டத் தோதான உடம்பு. 108 பவுண்டைத் தாண்டியதே அரிது. ஆக, அவருக்கென்று வகுத்த பிரிவே அவருக்குப் பெரிய சட்டை. வாழ்நாள் முழுக்கத் தன்னைவிடக் கனமானவர்களைத்தான் அடித்தார். 1923-ல் நியூயார்க்கில் அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்தவர் பிலிப்பைன்ஸ்காரரான பாஞ்சோ வில்லா. ஆசியாவிலிருந்து வந்த முதல் உலகச் சாம்பியன் அவர்தான்.

அதற்கு அப்புறமும் அரை நூற்றாண்டுக்கு அந்த 112 பவுண்டுதான் தரை. பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, ஜப்பான், கொரியா, மெக்சிகோ என்று சிறுகூட்டு உடம்புகள் நிறைந்த நாடுகளிலிருந்து குத்துச்சண்டைக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தரை இறங்கவில்லை. 1975-ல்தான் 108 பவுண்டு லைட் ஃபிளைவெயிட் வந்தது. 1987-ல் 105 பவுண்டு. அந்த ஆண்டு இந்தப் பிரிவின் முதல் பட்டங்களை வென்றவர்கள் கொரியாவின் லீ கியுங்-யுன், ஜப்பானின் ஹிரோகி இயோகா. விதி எழுதியவர்கள் லண்டனில் இருந்தார்கள், உடம்புகள் வேறு எங்கோ இருந்தன. இரண்டும் சந்திக்க 78 வருடம் பிடித்தது.

லோபஸ் தொழிலுக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாலு வருடம் முன்னால் பிறந்திருந்தால் அவருக்கு உட்கார நாற்காலியே இருந்திருக்காது.

3

மெக்சிகோவில் குத்துச்சண்டை சின்ன உடம்புக்காரர்களின் ராஜ்யம். ஐம்பதுகளில் மெக்சிகோ நகரத்தின் தெபிட்டோ பேட்டையிலிருந்து வந்த ரௌல் மசியாஸுக்குப் பட்டப்பெயரே 'எலி'. பேண்டம்வெயிட் சாம்பியன். 1969-ல் ரூபன் ஒலிவாரெஸ் ஆஸ்திரேலியாவின் லயனல் ரோஸை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தி அதே எடையில் பட்டம் வென்றார். எழுபதுகளில் கார்லோஸ் சராத்தே, மெரிடா ஊர்க்காரரான மிகெல் கான்டோ. 1982-ல் இருபத்து மூன்று வயதில் கார் விபத்தில் இறந்துபோன ஃபெதர்வெயிட் சாம்பியன் சல்வடோர் சான்செஸுக்காக அந்த நாடு அழுதது. அங்கே ஹெவிவெயிட்டுகளை யாரும் எதிர்பார்ப்பதே இல்லை. நம்மூரில் பாஸ்ட் பவுலர் எப்படியோ அப்படி, வந்தால் ஆச்சரியம்.

இந்த வரிசையில் லோபஸ் கொஞ்சம் வித்தியாசமான ஆள். மெக்சிகோ ரசிகர்களுக்குப் பிடித்தது முன்னால் போய் அடி வாங்கி அடி கொடுக்கும் ரகம். ரத்தம் வழிய வேண்டும். லோபஸ் 1966-ல் மோரெலோஸ் மாநிலத்தின் குவெர்னவாக்காவில் பிறந்தவர். 1985 ஜனவரியில், பதினெட்டு வயதில், அதே ஊரில் முதல் தொழில்முறைச் சண்டை. அவரை வளர்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஒலிவாரெஸையும் சராத்தேயையும் மேலாண்மை செய்த பழைய கை ஆர்துரோ 'குயோ' ஹெர்னாண்டஸ். இன்னொருவர் பயிற்சியாளர் இக்னாசியோ 'நாச்சோ' பெரிஸ்டைன். பெரிஸ்டைன் பள்ளியின் அடையாளம், அடி வாங்காமல் அடிப்பது. பின்னாளில் அவரிடம் வளர்ந்த ஹுவான் மனுவேல் மார்க்கெஸைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

லோபஸின் சண்டைகள் இப்போது யூடியூபில் கிடைக்கின்றன. தரம் சுமார்தான், டேப்பிலிருந்து எடுத்தது. நான் ஒரு மழைக்காலம் முழுக்க ராத்திரியில் அவற்றைப் பார்த்தேன். முதலில் ஒன்றுமே விசேஷமாகத் தெரியாது. 165 சென்டிமீட்டர் உயரம், அந்த எடைக்கு நல்ல நெடுவல். இரண்டு கைகளும் முகத்துக்கு நேரே மேலே. இடது கை நேராகப் போகும், அதே கோட்டில் திரும்பி வரும். திரும்பத் திரும்ப அதுதான். அலுப்பாகக்கூட இருக்கும். எதிராளி அந்த நேர்க்கோட்டுக்குப் பழகிப்போன ஒரு கணத்தில், அதே இடது கை பக்கவாட்டில் விலாவுக்குப் போய், இறங்காமலே தாடைக்குக் கீழிருந்து மேலே வரும். எதிராளி உட்கார்ந்திருப்பார். லோபஸ் தன் பழைய நிலைக்கு வந்திருப்பார், கைகள் முகத்துக்கு நேரே. ஆவேசமோ அலட்டலோ கிடையாது. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் திரும்பி வந்து நிற்க ஒரு நடு இருந்தது அவருக்கு.

1990 அக்டோபர் 25. டோக்கியோ, கொராகுவன் ஹால். ஜப்பானின் ஹிடேயுகி ஒஹாஷி சாம்பியன், சொந்த ஊர், சொந்தக் கூட்டம். ஐந்தாவது சுற்றில் சண்டை நிறுத்தப்பட்டது. லோபஸ் உலகச் சாம்பியன். அதைப் பார்த்துவிட்டு அந்த ஆண்டு முடிவதற்குள் குயோ ஹெர்னாண்டஸ் காலமானார்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கொராகுவன் ஹால் டோக்கியோ டோம் வளாகத்தில் ஒரு கட்டடத்தின் மாடியில் இருக்கும் சின்ன அரங்கு, இரண்டாயிரம் பேர் உட்காரலாம். அதே வருடம் பிப்ரவரியில், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், டோக்கியோ டோமில்தான் பஸ்டர் டக்ளஸ் மைக் டைசனை வீழ்த்தினார். அந்தச் சண்டை உலகம் முழுக்கத் தெரிந்தது. எட்டு மாதம் கழித்துப் பக்கத்துக் கட்டடத்தில் தொடங்கிய ஒரு ஆட்சி எட்டு வருடத்துக்கு மேல் நடந்தது. அது யாருக்கும் தெரியாது.

4

லோபஸ் அந்தப் பட்டத்தை 21 முறை தக்கவைத்தார். ஆரம்ப வருடங்களில் ஆசியாவுக்கே போய்ச் சண்டை போட்டார், ஏனென்றால் அந்த எடைக்கு டிக்கெட் வாங்குகிற கூட்டம் அங்கேதான் இருந்தது. 1991-ல் கொரியாவுக்குப் போய், இந்தப் பிரிவின் முதல் சாம்பியன்களில் ஒருவரான லீ கியுங்-யுன்னை அவர் மண்ணிலேயே வென்றார்.

அமெரிக்காவில் அவர் இடம் வேறு. டான் கிங்கின் ஆளாக இருந்ததால் பெரிய இரவுகளில் அவருக்கும் ஒரு சண்டை கிடைக்கும். ஆனால் அது முன்வரிசைச் சண்டை. நம் கிராமத்துத் திருவிழாவில் பெரிய கச்சேரி தொடங்குமுன் ஒரு உள்ளூர் செட்டு வாசிக்குமே, பந்தலில் பாதி நாற்காலி காலியாக, மைக் டெஸ்டிங் நடந்துகொண்டிருக்க, அது மாதிரி. 1996 மார்ச் 16, லாஸ் வேகாஸ். டைசன், ஃபிராங்க் புரூனோ. டைசனுக்கு அன்று 3 கோடி டாலர் என்று செய்திகள். டைசன் உடம்பில் இரண்டு லோபஸ்களை வைத்து மேலே கொஞ்சம் இடமும் இருக்கும். டைசன் புரூனோவை மூன்றாவது சுற்றில் முடித்தார். அதற்கு முன்னால், கூட்டம் வந்து உட்கார்ந்துகொண்டிருந்த நேரத்தில், லோபஸ் பிலிப்பைன்ஸின் அலா வில்லாமோரை எட்டாவது சுற்றில் வீழ்த்தியிருந்தார்.

அதே இரவு, அதே மேடையில் மைக்கேல் கார்பஹாலும் வேறொருவரோடு மோதினார். 108 பவுண்டுப் பிரிவில் அமெரிக்காவின் நட்சத்திரம் அவர். மெக்சிகோவின் ஹூம்பெர்டோ 'சிக்கிடா' கொன்சாலஸோடு அவர் போட்ட சண்டைகள் சின்ன எடைகளுக்கு முதல்முதலாகப் பெரிய பணத்தைக் கொண்டுவந்தன. 1994-ல் அவர்களுடைய மறுசண்டைக்குக் கார்பஹாலுக்கு 10 லட்சம் டாலர். கொன்சாலஸும் பெரிஸ்டைன் பள்ளிதான். இந்த இருவருக்கும் லோபஸுக்கும் நடுவில் மூன்று பவுண்டு, அதாவது ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஆனால் லோபஸ் இருவரில் ஒருவரோடும் மோதவே இல்லை. விளம்பரதாரர்கள் வேறு, கணக்கு வேறு. தாய்லாந்தின் சமன் சோர்ஜாதுராங்கை லோபஸ் 1993-ல் இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்தினார். அதே சமன் 1995-ல் கொன்சாலஸை வீழ்த்திப் பட்டங்களைப் பறித்தார். குத்துச்சண்டையில் இந்த மாதிரிக் கூட்டல் கழித்தல் செல்லாது என்பார்கள். சரி, செல்லாதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடிகிறதா?

குறைவான பணம், குறைவான வெளிச்சம், அதற்கு நடுவில் லோபஸ் தன் வேலையில் காட்டிய ஒழுங்குதான் எனக்குப் பெரிய கேள்வி. யாரும் பார்க்காத வேலையை ஒருவர் எதற்காக இவ்வளவு சுத்தமாகச் செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்கு எனக்குப் பக்கத்திலேயே ஒரு பதில் கிடைத்தது. எங்கள் ஊர்ப் பக்கம் கொள்முதல் நிலையங்களில் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவேன். நெல் சிப்பம் ஒன்று 40 கிலோ. அவர் எடை ஐம்பதுக்குள்தான் இருக்கும். சம்பா அறுவடை சமயத்தில் நாள் முழுக்கத் தன் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான ஒன்றைத் தோளில் ஏற்றி இறக்குகிறார். துலாபாரம்தான், பொன்னுக்குப் பதிலாக நெல். ஒருநாள் டீக்கடையில் லோபஸ் சண்டை ஒன்றை செல்போனில் அவருக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவன் கையப் பாக்காத தம்பி, கால பாரு. அடிச்சிட்டு அங்கயே நிக்கல பாத்தியா. காலு சரியா ஊனுனாத்தான் இதெல்லாம் வரும். மூட்டையும் அப்படித்தான். தோளு தூக்காது, காலுதான் தூக்கும்."

"இவரு ரொம்ப சின்ன எடை பெரியப்பா. அதனால பேரு வாங்கல."

"எட மெஷின்ல நெல்லத்தான் வைப்பாங்க. தூக்குறவன யாரு வைக்கிறா?" என்று சொல்லிவிட்டு அவர் டீயைக் குடித்தார். அதில் கோபம் எதுவும் இல்லை. மழை வருமா வராதா என்பது மாதிரிச் சொன்னார். பிறகு அடுத்த லாரிக்குப் போனார். அவர் அடுக்கும் அட்டியில் ஒரு சிப்பம்கூடப் பிதுங்கி நிற்காது. அதற்காக யாரும் அவருக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் கொடுப்பதில்லை. கோணலாக அடுக்கினால் சரிந்துவிடும், சரிந்தால் கீழே நிற்பவன் மேல் விழும். அவ்வளவுதான் காரணம். லோபஸுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கையை இறக்கினால் அடி விழும். வெளிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அடி ஒரே அடிதான்.

5

1997 ஆகஸ்டில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் லோபஸ் போர்ட்டோ ரிகோவின் அலெக்ஸ் சான்செஸை ஐந்தாவது சுற்றில் முடித்து இரண்டாவது அமைப்பின் பட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். அடுத்து நிகரகுவாவின் ரொசெண்டோ அல்வாரெஸ், மூன்றாவது அமைப்பின் சாம்பியன், அவரும் அதுவரை தோற்காதவர்.

1998 மார்ச் 7, மெக்சிகோ நகரத்தின் காளைச் சண்டை மைதானம் பிளாசா மெக்சிகோ. சொந்த ஊரிலும் அன்றைக்குப் பெரிய பெயர் லோபஸ் இல்லை. ஹூலியோ சீசர் சாவெஸுக்காக வந்த கூட்டம் அது. இரண்டாவது சுற்றில் லோபஸ் கீழே விழுந்தார். தொழிலுக்கு வந்து பதிமூன்று வருடத்தில் முதல் தடவை. அந்த வீடியோவைப் பார்த்தால், எழுந்து நிற்கும் லோபஸின் முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம் தெரிகிறது. தரை இவ்வளவு பக்கத்திலா இருந்தது என்பது மாதிரி. பிறகு தலைகள் மோதியதில் லோபஸுக்குக் காயம். ஏழாவது சுற்றோடு சண்டையை நிறுத்தி, அதுவரை உள்ள மதிப்பெண்ணைக் கூட்டினார்கள். சமன். அந்த ஒரே சமன் இதுதான்.

எல்லோரும் லோபஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தது இதற்கு அப்புறம்தான். எத்தனையோ வருடம் நிமிர்ந்து நின்றதற்குக் கிடைக்காத பத்தி, ஒருமுறை விழுந்ததும் கிடைத்தது.

நவம்பர் 13-ல் லாஸ் வேகாஸில் மறுசண்டை. தராசு அங்கே தன் வேலையைக் காட்டியது. அல்வாரெஸால் 105 பவுண்டுக்குள் வர முடியவில்லை. அவர் கனம் கூடுதல் என்று தெரிந்தும் லோபஸ் வளையத்தில் ஏறினார். பன்னிரண்டு சுற்று. முதல் சண்டையில் தன்னை வீழ்த்தியவனை, அதுவும் கூடுதல் எடையோடு நிற்பவனை, பழைய நேர்க்கோட்டு இடது கையாலேயே எதிர்கொண்டார். முகத்தில் ரத்தம். மூன்று நடுவர்களில் இரண்டு பேர் லோபஸுக்கு, ஒருவர் அல்வாரெஸுக்கு. அடி வாங்காமல் அடிக்கிற ஆள் என்று பெயர் எடுத்தவர், அடி வாங்கிக்கொண்டும் ஜெயிப்பார் என்று மெக்சிகோ ரசிகர்கள் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். அவர்களுக்கு அது தேவைப்பட்டது.

அதோடு வைக்கோல் எடையை விட்டு 108-க்கு ஏறினார். 1999-ல் வில் கிரிக்ஸ்பியை வென்று அங்கேயும் பட்டம். 2000-ல் தாய்லாந்தின் ரதனாபோலை மூன்றாவது சுற்றில் வீழ்த்தினார். இருவரும் வருடக்கணக்கில் ஒரே எடையில், வெவ்வேறு அமைப்புகளின் சாம்பியன்களாக, ஒருவரை ஒருவர் தொடாமலே இருந்தவர்கள்.

கடைசிச் சண்டை 2001 செப்டம்பர் 29, மேடிசன் ஸ்கொயர் கார்டன். இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததால் இரண்டு வாரம் தள்ளிப்போன இரவு அது. பெரிய சண்டை பெர்னார்ட் ஹாப்கின்ஸும் ஃபெலிக்ஸ் டிரினிடாடும். லோபஸ் வழக்கம்போல முன்வரிசை. தென்னாப்பிரிக்காவின் சோலானி பெடெலோவை எட்டாவது சுற்றில் வீழ்த்திவிட்டு இறங்கினார். 2002 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். 2010-ல் சர்வதேச குத்துச்சண்டைப் புகழ் மன்றத்தில் இடம் கொடுத்தார்கள்.

6

இது எங்கேயோ நடந்த பழைய கதை என்று விட்டுவிடலாம். ஆனால் தராசு இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, நம் ஆட்கள் மேலேயும்.

தமிழ்நாட்டில் குத்துச்சண்டை என்றால் வட சென்னை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகப் பிரிந்து மோதிய அந்த உலகத்தை, 2021-ல் பா. இரஞ்சித் படமாக எடுத்த பிறகு டெல்டாப் பையன்களும் தெரிந்துகொண்டார்கள். சென்னையிலிருந்து போன வி. தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பேண்டம்வெயிட்டில் ஆடினார், 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார். சின்ன எடை. இன்றைக்கு எத்தனை பேருக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கிறது?

மேரி கோமை எல்லோருக்கும் தெரியும். அவர் ஆறு முறை உலகச் சாம்பியன் ஆனது 45, 46, 48 கிலோப் பிரிவுகளில். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டையை முதல்முதலாகச் சேர்த்தபோது மூன்றே பிரிவுகள்தான் வைத்தார்கள், அதில் கடைசி 51 கிலோ. இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பெண், சாப்பிட்டுச் சாப்பிட்டு எடை ஏற்றி, தன்னைவிடப் பெரியவர்களோடு மோதி வெண்கலம் வாங்கினார். நாம் வெண்கலத்துக்குக் கை தட்டினோம். அந்தக் கூடுதல் கிலோக்களைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

ஆண்களுக்கான லைட் ஃபிளைவெயிட், 48 கிலோ, ஒலிம்பிக்கில் முதல்முதலாக வந்தது 1968-ல். எந்த ஊரில் தெரியுமா? மெக்சிகோ நகரத்தில். அந்தப் பிரிவு 2016 ரியோவோடு எடுக்கப்பட்டது. பெண்களுக்குக் கூடுதல் பிரிவுகள் வேண்டும், ஆண்களிடமிருந்து குறைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெண்களுக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் குறைக்கும்போது ஏணியின் அடிப்படியில் கை வைக்கிறார்கள், அதைத்தான் சொல்கிறேன். 2018 ஆசிய விளையாட்டில் 49 கிலோவில் ரியோ சாம்பியன் ஹசன்பாய் துஸ்மதோவையே வென்று தங்கம் வாங்கிய ஹரியானாவின் அமித் பங்கல், அதற்கு அப்புறம் 52-க்கு ஏற வேண்டியதாயிற்று. ஜிம்மி வைல்டின் பெரிய சட்டை, நூறு வருடம் கழித்து மறுபடி.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. 1990-ல் லோபஸிடம் தோற்ற ஒஹாஷி, ஓய்வுக்குப் பிறகு ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். அங்கே வளர்ந்தவர்தான் நவோயா இனோவே. 2014-ல் 108 பவுண்டில் முதல் உலகப் பட்டம் வென்று, பிரிவு பிரிவாக ஏறி, இன்று எடை பார்க்காமல் உலகின் தலைசிறந்தவர்கள் என்று எண்ணும்போது முதல் சில விரல்களில் வருகிறவர். 2024 மே 6-ல் அவர் மெக்சிகோவின் லூயிஸ் நேரியோடு மோதிய இடம் டோக்கியோ டோம். டைசன் விழுந்த அந்த 1990 இரவுக்குப் பிறகு அங்கே நடந்த முதல் குத்துச்சண்டை அது. இனோவே முதல் சுற்றிலேயே கீழே விழுந்தார், எழுந்தார், ஆறாவது சுற்றில் ஜெயித்தார். நாற்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். எல்லோரும் வந்தது 122 பவுண்டு, 55 கிலோ ஆட்கள் இரண்டு பேருக்காக. முன்வரிசைச் சண்டை இல்லை, அதுதான் கச்சேரி.

சின்னக் கட்டடத்திலிருந்து பெரிய கட்டடத்துக்குச் சில நிமிட நடை. சின்ன எடைக்கு அந்தத் தூரத்தைக் கடக்க முப்பத்து நாலு வருடம் ஆகியிருக்கிறது. நடந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு பெயர் எனக்குத் தெரியும். 51 வெற்றி, ஒரு சமன். எடை 47.6 கிலோ.